கீல் ஓரம் போகும் வயர்

பழைய அம்பாசடரின் டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு வயர்கூட இருக்காது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மிஷின், பூட்டு, பூட்டை இழுக்கும் கம்பி, கண்ணாடி ஓடும் ஃபெல்ட் சேனல், அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள். அவ்வளவுதான். ஃபியட் 1100 கதவும் அப்படித்தான். சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு ஓடிய ஹெரால்டு சலூனுக்கு நம் ஊரில் நாலு கதவு வைத்து விற்றார்கள். ஆனால் அந்தக் கூடுதல் கதவுகளுக்குள்ளும் மின்சாரம் போகவில்லை. லைட், ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர் எல்லாம் வண்டியின் உடம்போடு நின்றுவிடும். ஆடி அசையும் கதவைக் கை பார்த்துக்கொள்ளும்.

நான் தொழில் கற்ற காலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்றால் டைனமோ, கட்அவுட், செல்ஃப் மோட்டார். கதவுப் பக்கம் போக வேலையே வராது. எஸ்டீம் மாதிரி வண்டிகள் வந்து அவற்றுக்கு வயதாக ஆரம்பித்த பிறகுதான் கதவு வேலை எங்கள் ஷெட்டுக்கு வந்தது. ஒரு கண்ணாடி மட்டும் இறங்காது. கதவைப் பாதி திறந்தால் இறங்கும், மூடினால் இறங்காது. மோட்டார் போய்விட்டது என்று மோட்டாரோடு வருவார்கள். பில்லருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பெல்லோஸை உருவிப் பார்த்தால் வயரின் மேல்தோல் நன்றாகவே இருக்கும். விரலால் வளைத்தால் ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று மடங்கும். அந்த இடத்தில் உள்ளே செம்பு அறுந்திருக்கும். கரன்ட் அதிகமாகி எரிந்ததல்ல. மடங்கி மடங்கியே செத்தது.

கம்பெனி வயரிங்கே இப்படி அறுகிறது என்றால், வயருக்கென்று இடமே விடாமல் செய்த ஒரு பழைய கதவுக்குள் நாம் கொண்டுபோகும் வயர் எத்தனை நாள் நிற்கும்? இந்த வேலையில் கரன்ட் கணக்கு பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் அசைவுக் கணக்கு.

கதவு சுமார் அறுபது எழுபது டிகிரி திறக்கிறது. பில்லரில் ஒரு ஓட்டை, அதற்கு நேர் எதிரே கதவில் ஒரு ஓட்டை, நடுவில் சின்னத் துண்டு வயர் என்று வைத்தால் அந்த அறுபது டிகிரி முழுவதும் ஒரே புள்ளியில் மடங்கும். கதவை மூடும்போது வயர் இரட்டையாகச் சுருண்டு இடுக்கில் மாட்டி நசுங்கவும் செய்யும். அதற்குப் பதில், இரண்டு ஓட்டைகளையும் மேலும் கீழுமாகத் தள்ளிப் போட்டு, கீல்களின் நேர்கோட்டை ஒட்டியே வயரை மூன்று நாலு அங்குலம் செங்குத்தாக ஓடவிட்டால், கதவு திறக்கும்போது வயர் மடங்காது, முறுகும். ஈரத்துணியைப் பிழியும்போது முறுக்கு எப்படித் துணி நீளத்துக்கும் பரவுகிறதோ அப்படி அந்த நாலு அங்குலத்துக்கும் பரவிவிடும். செம்பு இழைகளுக்கு முறுக்கு அவ்வளவு பகையில்லை. மடிப்புதான் பகை.

எது மேலே, எது கீழே என்பதிலும் ஒரு காரியம் இருக்கிறது. பில்லர் ஓட்டை மேலே, கதவு ஓட்டை கீழே. மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கதவுக்குள் இறங்கட்டும். கதவுக்குத்தான் அடியில் வடிகால் இருக்கிறது. மாற்றிப் போட்டால் தண்ணீர் பில்லர் வழியாக உள்ளே வந்து, காலடி மேட்டுக்கு அடியில் தேங்கும். தரை ஓட்டையான பிறகுதான் வண்டிக்காரருக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொறுமையாகச் செய்து பார்க்கிற மாதிரி ஒரு வேலை அமைந்தது. பச்சை நிற அம்பாசடர் மார்க் 2. ஓட்டுகிறவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. "என்னப்பா, தோள்பட்டையைத் தூக்க முடியல. இந்த ஹேண்டிலைச் சுத்தி முடிக்கறதுக்குள்ள பார்க்கிங் டோக்கன் குடுக்கற பையன் அடுத்த வண்டிக்குப் போயிடறான்" என்றார். வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. வேறு வண்டி ஓட்டுகிற எண்ணமும் இல்லை.

வெளியூரில் இருக்கும் மகன் போனில் பேசினார். "அண்ணே, பண்றதே பண்றீங்க, ஃபுல்லா பண்ணிடுங்க. நாலு கதவுக்கும் பவர் வின்டோ, சென்ட்ரல் லாக், நாலு ஸ்பீக்கர், கதவைத் திறந்தா கீழ எரியற லைட்டு." சாமான் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். கிடைப்பதில் பிரச்சினை இல்லை.

"தம்பி, கீல் வழியா எத்தன வயர் போகுதோ அத்தன பிரச்சினை. முதல்ல எது வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

டிரைவர் கதவை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லா சுவிட்சும் டிரைவர் கதவில் இருக்க வேண்டும் என்றால், மற்ற மூன்று கண்ணாடிகளுக்கும் கட்டளை போக ஆறு, சப்ளை, எர்த், சென்ட்ரல் லாக் மாஸ்டருக்கு ஐந்து, ஸ்பீக்கருக்கு இரண்டு, லைட்டுக்கு ஒன்று. பதினாறு வயர். அத்தனையும் கட்டை விரல் தடிமன் ரப்பருக்குள் நெருக்கிக்கொண்டு, கதவு திறக்கும் போதெல்லாம் ஒன்றையொன்று தேய்க்கும். அதே கதவுக்குக் கண்ணாடி மட்டும், சுவிட்ச் டேஷ்போர்டுக்கு அடியில் என்றால் இரண்டே வயர்.

ஸ்பீக்கரை நான் முதலில் வெட்டினேன். அம்பாசடரின் டோர் பேடில் வட்டமாக ஓட்டை போட்டு, உள் தகட்டையும் வெட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. வெட்டிய தகடு திரும்ப வராது. தவிர, கதவுக்குள் கண்ணாடி இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கரின் முதுகு அந்த மழையில்தான் நனையும். பின் சீட்டுக்கு மேலே இருக்கும் பலகைக்கு அடியில் வைத்தால் கேட்பவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சென்ட்ரல் லாக்கை அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். பின்கதவுகளை அவர் வண்டியில் யாரும் திறப்பதே இல்லை. கடைசியில் நின்றது முன்கதவு இரண்டின் கண்ணாடி மட்டும்.

பவர் வின்டோ மோட்டாருக்கு இரண்டே வயர் போதும் என்பதைப் பல பேர் நம்ப மாட்டார்கள். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையும் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கும். மேலே அழுத்தினால் ஒரு முனைக்கு மட்டும் 12 வோல்ட் வரும். கீழே அழுத்தினால் இன்னொன்றுக்கு. திசை மாறிவிடும். கதவில் தனியாக எர்த் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. இது தெரியாமல் ஒரு வயரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கதவுத் தகட்டிலேயே எர்த் எடுத்து, கீலை நம்பி விட்ட வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. கீலில் இருப்பது கிரீஸ், பெயின்ட், துரு, தேய்ந்த பின். கதவு அசையும் போதெல்லாம் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஹெரால்டில் இன்னும் மோசம். அதன் பாடியே போல்ட் போட்டு இணைத்த துண்டுகள். எர்த் எங்கே அறுகிறது என்று தேடுவது தனி வேலை.

அடுத்தது வயர் தடிமன். கண்ணாடி ஓடும்போது மோட்டார் பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும். மேலே போய் முட்டி நின்றால் அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல் போகும். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று வைத்தால், ஒரு ஸ்கொயர் எம்எம் வயரில் பத்து ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். இரண்டரை ஸ்கொயரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் தடிமன் மட்டும் போதாது, இழை மெலிசாக இருக்க வேண்டும். ஒரே பருமன் வயரில் தடித்த இழை ஏழு இருப்பதைவிட மெல்லிய இழை ஐம்பது இருப்பது வளைவைத் தாங்கும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரைக் கதவில் போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வரும். அது சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்த வயர்.

கரன்ட் எங்கிருந்து எடுப்பது? இங்கிலாந்து வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ். மேலே 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். ஏற்கெனவே ஹாரனும் வைப்பரும் அதில் தொங்குகின்றன. அதனால் பேட்டரியிலிருந்தே தனி லைன், பேட்டரியை விட்டு ஒரு சாண் தாண்டுவதற்குள் ஃபியூஸ், பிறகு ரிலே. இந்த வண்டியில் யாரோ முன்பே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்கள், நல்லதாயிற்று. லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். சிக்னலில் நிற்கும்போது ஒன்றுமே கொடுக்காது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பரோடு கண்ணாடியையும் ஏற்றினால் எல்லாம் பேட்டரி தலையில்தான் விழும்.

இன்னொன்றும் பார்த்தேன். பாசிட்டிவ் எர்த் வண்டியா, நெகட்டிவ் எர்த்தா? அறுபதுகளின் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் கட்டியிருப்பது சாதாரணம். மோட்டாருக்கு அது பொருட்டில்லை, மேல் கீழ் மாறும், அவ்வளவுதான். உள்ளே டயோடு வைத்த ரிலேயும், சென்ட்ரல் லாக் பெட்டியும் அப்படியே புகைந்துவிடும். ஆல்டர்னேட்டர் போட்டபோதே இதை மாற்றியிருந்தார்கள்.

வயரைத் தொடும் முன்னால் கண்ணாடி வேலை. பழைய ஃபெல்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. அதோடு மோட்டாரைப் பூட்டினால் மோட்டார் இழுக்கும், ஃபியூஸ் போகும், பழி வயரிங்குக்கு வரும். சேனலை மாற்றி, மிஷினின் பல்லைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, கண்ணாடியை இரண்டு விரலால் தூக்கினால் போகிற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பவர் வின்டோ கிட்டைப் பிரித்தேன்.

பிறகு அந்த ஓட்டை. முழு வேலையில் திரும்பப் பெற முடியாதது அது ஒன்றுதான். டிங்கர் பாய் எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவைக் கழட்டாத. இந்தச் சத்தம் திரும்ப வராது" என்றார். சரிதான். அறுபது வருஷமாக அமர்ந்து பழகிய கதவு. கீல் போல்ட்டைத் தளர்த்தினால் இடைவெளி மாறும், மூடும் சத்தம் மாறும், அதை மறுபடி பிடிக்கப் பாய்க்கு ஒரு நாள் போகும். கதவை முழுக்கத் திறந்து வைத்தால் பில்லருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான். நேர் டிரில் நுழையாது. முனை பக்கவாட்டில் திரும்பிய ஆங்கிள் டிரில் வேண்டும்.

கீல் போல்ட்டுகளுக்குப் பின்னால் பில்லருக்குள் தடித்த பட்டை இருக்கும். கதவின் எடை முழுவதையும் தாங்குவது அது. அங்கே ஓட்டை போடக்கூடாது. இரண்டு கீலுக்கும் நடுவில், டோர் ஸ்டாப்பர் ஓடும் வழியை விட்டு விலகி, உள்ளிருந்து கிக் பேனலைக் கழற்றினால் கை எட்டுகிற இடமாகப் பார்த்துப் பாய் பென்சிலால் புள்ளி வைத்தார். பெயின்ட் மேல் டேப் ஒட்டி, சின்ன ஓட்டையில் ஆரம்பித்து, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லால் 20 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். விளிம்பின் பிசிறை அரத்தால் எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே வண்டிக் கலர் தொட்டு, காயவிட்டோம். அறுத்த தகட்டை வெறுமனே விட்டால் சென்னைக் காற்றில் அடுத்த மழைக்குள் துரு கிளம்பிவிடும். கூரான விளிம்பில் வயரை விட்டாலோ மேல்தோல் அறுந்து ஷார்ட் ஆகும்.

பெல்லோஸ் புதுப்பேட்டையில் வாங்கியது. பழைய எஸ்டீம் கதவிலிருந்து எடுத்தது. வாங்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்க்க வேண்டும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், மடிப்பின் உள்ளே கீறல் விட்டிருக்கும். சிலர் குரோம் சுருளாக ஒரு இரும்பு ஹோஸ் மாட்டச் சொல்வார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். எனக்கு மார்க் 2 கதவில் அது ஒட்டாது. கதவைத் திறந்தால் கறுப்பு ரப்பர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு லட்சணம்.

பில்லருக்குள் வயரைக் கொண்டுபோகச் சைக்கிள் பிரேக் வயர் மாதிரி உதவும் கருவி வேறில்லை. வளையும், ஆனால் துவளாது. முனையில் வயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். பெல்லோஸுக்குள் ஜாயின்ட் கூடாது. சால்டரும் கூடாது. சால்டர் இழைகளுக்குள் ஊறிப் போய் வயரைக் கம்பியாக்கும், அது முடிகிற இடத்தில் வயர் அறும். டேப் சுற்றிக் கட்டுவதும் கூடாது. வளைவின் உள்பக்க வயருக்குக் குறைந்த தூரம், வெளிப்பக்க வயருக்கு அதிகத் தூரம். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் ஒன்று இன்னொன்றை இழுக்கும். பெல்லோஸுக்கு வெளியே இரண்டு பக்கமும் கிளிப் அடித்து நிறுத்திவிட்டு, உள்ளே தளர்வாக விட்டேன்.

இதே வேலை ஐம்பதுகளின் ஃபியட் 1100இல் வந்தால் வழியே மாறும். அதன் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம், நடு பில்லரில். பின்கதவுக்கும் அதே பில்லர்தான். டேஷ்போர்டிலிருந்து காலடி மேட்டு ஓரமாகப் போய், நடு பில்லரில் ஏறி, இரண்டு கதவுக்கும் அங்கிருந்தே பிரிய வேண்டும். குறுகலான பில்லர், இரண்டு பக்கமும் ஓட்டை. அந்த வண்டிக்கு யாராவது பவர் வின்டோ கேட்டால் நான் டீ வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்பப் பார்ப்பேன்.

பென்ஸ்காரன் டபிள்யூ123இல் சென்ட்ரல் லாக்கை வயரில்லாமலே செய்தான். காற்றை உறிஞ்சும் வாக்குவம் குழாய்தான் கதவுக்குள் போகும். வயர் அறுகிற தொல்லை இல்லை. குழாய் ஒழுகுகிற தொல்லை வந்தது. எங்கே ஒழுகுகிறது என்று அந்த வண்டியில் தேடியவர்களுக்கு என் வேலை சுகமாகத் தெரியும்.

கதவுக்குள் வந்த பிறகு கண்ணாடியும் மிஷினின் கையும் எங்கெல்லாம் வந்துபோகின்றன என்று கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்து, அந்த வழியைத் தொடாமல் முன் ஓரமாகவே வயரைக் கொண்டுபோய் மோட்டாரில் சேர்த்தேன். மோட்டாருக்குக் கொஞ்சம் முன்னால் வயர் கீழே தொங்கி மறுபடி ஏற வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தோம். பழைய இலைத்தூளும் மண்ணும் ஒரு கை அளவுக்கு வந்தது. டோர் பேடுக்குப் பின்னால் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிட்டுத்தான் மூடினேன். அந்த ஷீட்டைத் தேவையில்லாத பிளாஸ்டிக் என்று பிய்த்துப் போட்ட கதவுகளில்தான் பேட் அட்டை ஊறி உப்பியிருக்கும்.

டெஸ்டுக்கு எங்கள் ஷெட் பையன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்தான். பீப் வந்தால் போதும் என்று நினைக்கிறான். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் என்று கத்தும். அந்த இழையால் மோட்டாரை ஓட்ட முடியாது. அதனால் மோட்டார் இருக்கும் இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டச் சொன்னேன். நாலரை ஆம்பியர் ஓடும். "இப்போ கதவை மெதுவாத் திற, மூடு, வேகமா மூடு. பல்பை மட்டும் பாரு." வெளிச்சம் எங்காவது துடித்தால் வயரில் கோளாறு. அவனுக்குக் கை வலிக்கும் வரை திறந்து மூடினான். துடிக்கவில்லை. அப்புறம்தான் மோட்டாரை மாட்டினேன்.

கழற்றிய கண்ணாடி ஹேண்டில் இரண்டையும் துணியில் சுற்றி டிக்கியில் டூல்ஸோடு போட்டேன். சுவிட்சுகள் டேஷ்போர்டுக்கு அடியில், உட்கார்ந்தால் இடது கை தானாகப் போகிற இடத்தில்.

அம்மா வந்து ஏறி உட்கார்ந்ததும் சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னப்பா இது?"

"சாவி போடுங்கம்மா. சாவி இல்லாம ஓடாது. ரிலேவை இக்னிஷன்ல குடுத்திருக்கேன். சின்னப் பசங்க வண்டில தனியா உக்காந்து அழுத்தினா கை மாட்டிக்கும்."

சாவியைத் திருப்பி, கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். "அப்போ இறங்கற முன்னாடி ஞாபகமா ஏத்திட்டு இறங்கணும். மறந்துட்டா?"

"திரும்ப ஏறி சாவி போடணும்மா."

"அதுக்கு ஒரு பஸ்ஸர் வெச்சிடேன்."

பஸ்ஸர் வைக்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரிய வேண்டும். அந்த சுவிட்சைப் பில்லரிலேயே வைத்துவிட்டால் கதவுக்குள் இன்னொரு வயர் போகத் தேவையில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னேன்.